எருமை மேய்ந்த ஏரி

1982 நவம்பரில், ராஜஸ்தானின் பரத்பூரில், மேய்ச்சல் தடையை எதிர்த்துத் திரண்ட கிராமத்து மக்கள்மீது போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். நகரை ஒட்டியிருக்கும் கேவலாதேவ் சதுப்பு நிலம் அந்த ஆண்டுதான் தேசியப் பூங்கா ஆகியிருந்தது. அதுவரை சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நாள்தோறும் எருமைகளும் மாடுகளும் ஆயிரக்கணக்கில் அதற்குள் போய் மேய்ந்துவந்தன. தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டால் ஒரு மாட்டுக்குக்கூட உள்ளே இடமில்லை என்கிறது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். பறவைகளைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். அடுத்த பத்தாண்டுகளில் அந்தப் பறவைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை, காட்டையும் நீர்நிலையையும் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையாக விரும்பும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒருவர் சைக்கிளில் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். பார்த்தால் ஆதிகாலத்திலிருந்தே இப்படி இருந்த சதுப்பு என்று தோன்றும். ஆனால் பள்ளமான நிலத்தில் மழைநீர் தேங்கிக் கிடந்த இடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூர் அரசர் சூரஜ்மல் கட்டிய அஜான் அணைக்கரைதான் அதன் உயிர்நாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரச குடும்பம் வாத்து வேட்டைக்காக அதற்குள் சிறு கரைகளும் மதகுகளும் அமைத்து, பாத்தி பாத்தியாக நீர் நிற்கும்படி செய்தது. 1938 நவம்பர் 12-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோவும் அவருடைய விருந்தினர்களும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தக் கணக்கு பூங்காவுக்குள் இருக்கும் கல்லில் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1956-இல் சரணாலயம் ஆன பிறகும் அரச குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. இத்தனை காலமும், மேலே துப்பாக்கி வெடிக்க, கீழே எருமைகள் நீருக்குள் மூழ்கி மேய்ந்துகொண்டுதான் இருந்தன. பறவைகளும் வந்துகொண்டுதான் இருந்தன.

மேய்ச்சலைத் தடுக்கச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். நாட்டின் முன்னணிப் பறவையியலாளர்களே அதை ஆதரித்தார்கள். அவர்களுடைய நியாயம் எளிதாகப் புரியக்கூடியதுதான்: மாடு செடியைத் தின்கிறது, கூட்டை மிதிக்கிறது, பறவையை விரட்டுகிறது, மாட்டை எடுத்துவிட்டால் செடியும் வளரும், பறவையும் பெருகும். இதற்குப் பின்னால் இன்னும் பழைய எண்ணம் ஒன்று இருந்தது. 1872-இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா உருவானபோது, இயற்கை என்றால் மனிதர் கைபடாதது என்ற கருத்தும் அதோடு சேர்ந்து பிறந்தது. அந்த நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்துவந்த ஷோஷோனி போன்ற பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டார்கள். உலகின் பிற பகுதிகள் பூங்கா அமைத்தபோது இந்த மாதிரியையே பெருமளவு எடுத்துக்கொண்டன. ஆளற்ற நிலம்தான் தூய நிலம் என்ற எண்ணம், மன்னர் வெட்டிய மதகுகளின் நடுவே இருந்த கேவலாதேவுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

நல்லவேளையாக, ஒரு நீண்ட ஆய்வு தடைக்கு முன்பே தொடங்கியிருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் அங்கே நீரையும் செடியையும் மீனையும் பறவையையும் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தது. வி. எஸ். விஜயன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு பத்தாண்டுகள் நீண்டது. எருமை மேய்ந்த காலமும் எருமை வெளியேறிய காலமும் ஒரே ஆய்வாளர்களின் ஏடுகளில் பதிவாயின. யாரும் திட்டமிட்டுச் செய்யாத, ஆனால் சூழலியலில் அரிதாகவே கிடைக்கும் ஒரு சோதனை இப்படி அமைந்துவிட்டது.

முடிவு, தடையை ஆதரித்தவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. அந்தச் சதுப்பில் பாஸ்பேலம் என்ற நீர்ப்புல் உண்டு. தண்டு நீர்மேல் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, பாய் விரித்ததுபோல் பரப்பை மூடிக்கொள்ளும் இனம். எருமைக்கு அது விருப்பமான தீனி. பசு கரையோரத்தோடு நின்றுவிடும். எருமை மார்பளவு நீரில் இறங்கி, தலையை முக்கிக்கூட மேயும். இப்படி ஆண்டு முழுவதும் கத்தரிக்கப்பட்டுவந்த புல், எருமை போனதும் அடங்காமல் பரவியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. வெயில் நீருக்குள் இறங்காததால் அடியில் வாழும் நீர்த்தாவரங்கள் நலிந்தன. ஆண்டுதோறும் மடியும் புல்லின் மட்கு நீரின் ஆக்சிஜனைத் தின்றது. மீன்கள் குறைந்தன. இறங்க இடமும் தின்ன இரையும் இல்லாத நீரில் வாத்துகள் என்ன செய்யும்? ஊசிவால் வாத்தும் கிளுவையும் போன்ற நீர்ப்பறவைகளுக்கு வேண்டியது பச்சைப் பசேலென்ற அடர்த்தி அன்று. நீரும் புல்லும் திட்டுத்திட்டாகக் கலந்த வெளி. அந்தக் கலவையை உண்டாக்கி வைத்திருந்தது எருமையின் வாய்தான் என்று ஆய்வு சொன்னது. மேய்ச்சல் தடை சதுப்பைக் கெடுக்கிறது, எருமை அங்கே வேண்டும் என்பதே பத்தாண்டு அளவெடுப்பின் சாரம்.

அதற்குள் புல்லை அகற்ற புல்டோசர் இறக்க வேண்டியதாயிற்று. தீ வைத்தும் பார்த்தார்கள். பிறகு கிராமத்தார் உள்ளே வந்து கையால் புல் அறுத்துச் செல்லலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். எருமை இலவசமாகச் செய்த வேலையைச் செய்ய இத்தனையும் தேவைப்பட்டது. அப்படியும் நீருக்குள் இருக்கும் புல்லுக்கு அரிவாள் எட்டவில்லை.

சைபீரியப் பெருங்கொக்கு பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1960-களில் ஏறக்குறைய 200 கொக்குகள் குளிர்காலத்துக்குக் கேவலாதேவ் வந்தன. எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போய், 2002-இல் வந்த இணையோடு அந்த வருகை முடிந்துபோனது. மேய்ச்சலை நிறுத்தியதால்தான் கொக்கு வரவில்லை என்று உள்ளூர்க்காரர்கள் சிலர் சொல்வதுண்டு: எருமை மிதித்து இளக்கிய சேற்றில் கிழங்கு தோண்டித் தின்ற பறவை, புல் மூடிய தரையில் தோண்ட முடியாமல் போயிற்று என்பது அவர்கள் வாதம். கேட்டுக்கொள்ள வேண்டிய வாதம்தான். ஆனால் வீழ்ச்சி தடைக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆப்கானிஸ்தான் வழியாக வரும் பாதையில் வேட்டைக்காரர்களுக்கு அவை பெருமளவில் இரையாயின. ஒரு சதுப்பை எத்தனை நன்றாகக் காத்தாலும், ஐயாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் இடையில் சுடப்படும் பறவையை அந்தச் சதுப்பால் காப்பாற்ற முடியாது.

எல்லைக்கு வெளியே நடப்பது உள்ளே வந்து அடிப்பதற்கு இன்னும் நேரான சான்று தண்ணீர். கேவலாதேவுக்கு நீர் தந்த கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை வந்தது. 2000-க்குப் பிந்தைய வறட்சி ஆண்டுகளில், அணைநீரைப் பூங்காவுக்கு விடக் கூடாது என்று மேல்மடை விவசாயிகள் எதிர்த்தார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக 1985-லேயே ஏற்கப்பட்ட சதுப்பு வறண்டு வெடித்தது. கடைசியில் சம்பல் ஆற்றிலிருந்து குழாய் போட்டும், கோவர்தன் வடிகாலிலிருந்து கொண்டுவந்தும் நீர் நிரப்பினார்கள். ஆற்று வெள்ளத்தோடு வந்த மீன்குஞ்சுகள் குழாயில் அப்படி வருவதில்லை. விவசாயிகளைப் பறவைக்கு எதிரிகள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வயல் காயும்போது, தனக்கு எந்தப் பங்கும் தராத ஒரு வேலிக்குள் தண்ணீர் போவதை ஏன் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்?

பங்கு கிடைத்த இடங்களில் நடந்ததும் வேறாகவே இருந்தது. அதே பூங்காவில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிய உள்ளூர் ஆட்களுக்குப் பறவைகளை இனங்காணப் பயிற்சி கொடுத்தார்கள். வழிகாட்டிகளாக அவர்கள் பெயர் பெற்றார்கள். பின்னாளில் சீமைக் கருவேலம் பூங்காவைப் பிடித்துக்கொண்டபோது, சுற்றியுள்ள ஊர்மக்களை வேரோடு வெட்டி எடுத்துச் செல்ல விட்டார்கள். அவர்கள் அடுப்புக்கு விறகு ஆயிற்று, பூங்காவுக்குத் தரை மீண்டது.

பங்கு என்ற இந்த ஒரு சொல்லுக்கு நம் ஊரிலேயே இருநூறு ஆண்டுப் பழமையான சாட்சி இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் ஏரி முப்பது எக்டேர்தான். கேவலாதேவின் நூற்றில் ஒரு பங்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து கொக்கு நாரைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, ஏரியில் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798-இல் ஒரு கவுல் (எழுத்துமூல உறுதி) வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். யெல்லோஸ்டோனுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால், எந்த இயற்கையியலாளரும் சொல்லிக்கொடுக்காமல், உழுது பிழைத்தவர்கள் கேட்டு வாங்கிய பாதுகாப்பு இது.

அவர்கள் கேட்டதற்குக் காரணம் இரக்கம் மட்டும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, இராக்கொக்கு என்று பல்லாயிரம் பறவைகள் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. சுற்றி நீர் இருப்பதால் பூனையும் நரியும் கூட்டை நெருங்க முடியாது. தாய்ப்பறவைகள் பல கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வயல், குட்டை, கழனிகளில் மீனும் நத்தையும் தவளையும் பிடித்துவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. இரவும் பகலும் எச்சம் ஏரியில் விழுகிறது. பறவை எச்சத்தில் நைட்ரஜன் யூரிக் அமிலமாக இருக்கிறது. நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் வேரால் உறிஞ்சக்கூடிய வடிவங்கள் அவை. பாஸ்பரஸும் கூடவே கிடைக்கிறது. பரந்த வட்டாரத்தில் சிதறிக் கிடக்கும் சத்தை எல்லாம் சிறகால் சுமந்து ஒரே குளத்தில் சேர்க்கும் வேலையைப் பறவைகள் செய்கின்றன. மடையைத் திறந்தால் அந்த எருநீர் கீழுள்ள நெல்வயலுக்குப் போகிறது. உரம் குறைவாகப் போட்டாலும் விளைகிறது என்று அந்த ஊர் விவசாயிகள் சொல்லிவருவதன் வேதியியல் இதுவே.

இதில் நான் மிகவும் வியப்பது, இருபக்கமும் ஒன்றையொன்று தாங்கும் விதம். எச்சம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் நீர் பாசி பிடித்துக் கெடும், அமிலத்தால் இலை கருகி மரமும் படும். பல பறவைக் குடியிருப்புகள் தம் எச்சத்தாலேயே தம் மரங்களை இழக்கின்றன. பாசனம் நடக்கும் ஏரியில் அந்தச் சுமை வாய்க்கால் வழியாக வெளியேறிவிடுகிறது. கோடையில் அடிவண்டலை வெட்டி வயலுக்கு அடிக்கும் வழக்கமும் அதே வேலையைத்தான் செய்தது. ஏரியிலிருந்து விவசாயியை வெளியேற்றினால் பறவைக்குத்தான் முதலில் கேடு. நத்தைகுத்தி நாரையோ தன் பங்குக்கு வயல் நத்தையைத் தின்று தீர்க்கிறது.

வேடந்தாங்கலின் பறவைகள் உண்பது பெரும்பாலும் ஏரிக்கு வெளியே. அதனால்தான் 1998-இல் சரணாலயமாக அறிவித்தபோது ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்தையும் சேர்த்தார்கள். 2020-இல் அந்த வட்டத்தை மூன்று கிலோமீட்டராகச் சுருக்க முன்மொழிவு எழுந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது நியாயமே. வரைபடத்தில் கழித்தால் இரண்டு கிலோமீட்டர். பரப்பாகக் கணக்கிட்டால் வட்டத்தின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் இடம்பெற்றது. அந்த ஊர்க்காரர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டதற்குக் கிடைத்த காலம் தாழ்ந்த ஒப்புதல் அது. சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே எந்தக் காவலரும் நின்று தடுப்பதில்லை.

நீர்நிலைக்குப் பொருந்துவது காட்டுக்குப் பொருந்துமா? கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிளிகிரி ரங்கன மலை இருக்கிறது. சத்தியமங்கலம் காடுகளோடு தொடர்ந்து கிடக்கும் மலை அது. இரு மாநிலங்களிலும் சோளகர் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1974-இல் அந்த மலை சரணாலயமானபோது அவர்களுடைய மாற்றுப்புனச் சாகுபடியும் வேட்டையும் நின்றன. சிதறிய குடியிருப்புகள் ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அத்தோடு நின்ற இன்னொன்று, தை மாத வாக்கில் அவர்கள் வைத்துவந்த சருகுத் தீ.

தீ என்றதும் நமக்குப் பதறும். ஆனால் அவர்கள் வைத்தது, இலை உதிர்ந்து தரை இன்னும் ஈரம் காயாத நேரத்தில், கணுக்கால் உயரத்துக்கு எரிந்து அணைந்துபோகும் சிறு தீ. சருகு எரியும், இளம் உண்ணிச்செடி கருகும், பெருமரம் தப்பும். மழை வந்ததும் புல் தழைக்கும். நெல்லி மரத்தின் புல்லுருவியும் அந்தத் தீயால் கட்டுக்குள் இருந்தது என்று சோளகர்கள் சொல்கிறார்கள். நெல்லிக்காய் அவர்களுக்கு முக்கியமான வருமானம். தீயைத் தடைசெய்த பிறகு சருகும் சுள்ளியும் ஆண்டுக்காண்டு சேர்ந்தன. அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்த உண்ணிச்செடி புதராக மண்டியது. 1997-இல் ஆய்வு செய்த இடங்களை 2008-இல் மறுபடி அளந்தபோது, அது இருந்த இடங்கள் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தன. புதருக்கடியில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் மானுக்கும் காட்டு மாட்டுக்கும் தீனி இல்லை. வறண்ட ஆண்டில் அந்தப் புதர்க்காடு பற்றிக்கொண்டால் தீ மர உச்சிவரை ஏறும்; பெருமரங்கள் சாகும், உண்ணிச்செடியோ வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சிறு தீயைத் தடுத்து, பெருந்தீக்கு விறகு சேர்த்துவைத்தது போலாயிற்று. இந்த விளக்கத்தைச் சோளகர்கள் முதலில் சொன்னார்கள். அங்கே பணிபுரிந்த சூழலியலாளர்கள் அதைக் கருதுகோளாக எடுத்துக்கொண்டு சோதிக்கத் தொடங்கியது பின்னால்தான். தீ உண்ணிச்செடியைப் பரப்பவும் செய்யலாம் என்று வாதிடுவோரும் உண்டு. எந்தப் பருவத்தில், எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு சூட்டில் என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

மனிதர் இருந்தால்தான் காடு வாழும் என்று இதையெல்லாம் வைத்து யாராவது முடிவுகட்டினால் அதையும் நான் ஏற்க மாட்டேன். கட்டுப்பாட்டால் மீண்ட உயிர்கள் பல. 2006-இல் இந்தியாவில் 1,411 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022 கணக்கெடுப்பில் 3,682 ஆகியிருக்கின்றன. காவல் இல்லாமல் இது நடந்திருக்காது. மாடுகளாலும் கேடு உண்டு. 1968-இல் பரவிய வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர்ப் பகுதிக் காட்டு மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. வளர்ப்பு மாடுகளின் நோய் அது. ஊர் மந்தைகள் அளவுக்கு மீறிப் பெருகிய காடுகளில் மானுக்குப் புல் மிஞ்சுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த வெற்றிகளின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். புலிகளுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. காட்டோரத்தில் மிஞ்சியவர்களின் சோளக் கொல்லையில் யானை இறங்குகிறது. இரவெல்லாம் பரணில் விழித்திருப்பவர்களுக்கு அந்த உறக்கத்தை யாரும் ஈடுகட்டுவதில்லை. காட்டிலிருந்து வரும் தண்ணீரோ எங்கோ தொலைவில் உள்ள நகரங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு காத்துத் தரும் நீர், முல்லைப் பெரியாறு அணை வழியாகத் தேனிக்கும் மதுரைக்கும் வருகிறது. அந்த நீரில் விளைந்த அரிசியை உண்பவர்களுக்கு, காப்பகத்தின் ஓரத்தில் வாழ்பவர்களின் கஷ்டம் தெரிய வழியில்லை.

அந்தப் பெரியாற்றில் 1990-களின் இறுதியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. காட்டுக்குள் நுழைந்து வயனை மரத்தின் பட்டையை உரித்துக் கடத்திவந்த ஆட்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு வனத்துறை பேசியது. கடத்தலை விட்டுவிட்டு, சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிச்செல்பவர்களாகவும் ரோந்து போகிறவர்களாகவும் அவர்கள் மாறினார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு அத்துப்படி. கடத்துகிறவர் எந்த வழியாக வருவார் என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

நம் சட்டங்களிலும் இதற்கான கதவு திறந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியப் பூங்காவில் மேய்ச்சல் கூடவே கூடாது. சரணாலயத்திலோ அதை ஒழுங்குபடுத்தவும் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அதாவது யோசித்து முடிவெடுக்க இடம் இருக்கிறது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமுதாய உரிமையாக ஏற்கிறது. சரணாலயங்களிலும் பூங்காக்களிலும்கூட அது செல்லும். வனவாழ்விடம் ஒன்றைக் காக்க அந்த உரிமைகளை மாற்ற வேண்டுமென்றால், மக்கள் இருப்பதால் மீட்க முடியாத கேடு நேர்கிறது என்றும் கூடிவாழ வேறு வழியே இல்லை என்றும் நிறுவப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் நிபந்தனை வைக்கிறது. சான்றைக் கேட்கும் சட்டம் அது. பிளிகிரி ரங்கன மலை 2011-இல் புலிகள் காப்பகமான அதே ஆண்டில் சோளகர்களின் கிராம சபைகளுக்குச் சமுதாய வன உரிமை வழங்கப்பட்டது; அதையடுத்த முதல் சில ஆண்டுகளில் அங்கே புலிகள் குறைந்துவிடவில்லை.

இதை இப்போது எழுத வேண்டிய அவசரம் ஒன்று இருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டன. அன்றைய நிலவரம் நிலத்தில் 17, கடலில் 8 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. எட்டே ஆண்டில் இத்தனை பரப்பைச் சேர்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு நாட்டிலும் புதிய எல்லைக்கோடுகள் விழும். தமிழ்நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் பல விழுந்திருக்கின்றன: கழுவேலி, கடவூர்த் தேவாங்கு, பாக் விரிகுடாவின் கடல்பசு, காவிரித் தெற்கு. 2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டத்தின் அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 80,000 எக்டேர் காடு தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் ஆனது. யானையும் புலியும் நடமாடும் வழி அது. காக்கப்பட வேண்டிய இடம் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை.

அதற்குள்தான் பர்கூர் மலை இருக்கிறது. செம்பழுப்பு உடலில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடு வேறெந்த நிலத்திலும் தோன்றாத இனம். காட்டுக்குள் பட்டி போட்டு, பகலில் மேயவிட்டு இரவில் அடைத்து வளர்க்கிறார்கள். பட்டிச் சாணம் சமவெளித் தோட்டங்களுக்கு எருவாக இறங்குகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாட்களில் அதைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் அளவில் சுருக்கியது. சரணாலயத்துக்கு வெளியே இருந்ததால் பர்கூர் அப்போது தப்பியது. இப்போது எல்லைக்குள் வந்துவிட்டது. மேய்ப்பவர்களின் அச்சம் வீண் அச்சம் இல்லை. மேய்ச்சல் போனால் அந்த மாட்டினமும் போகும். தொழுவத்தில் கட்டிப்போட்டுத் தீவனம் வைத்து வளர்க்கிற மாடு அது கிடையாது.

பர்கூர்க் காடு கேவலாதேவ் ஆகாது. அது நீர்ப்புல் படரும் சதுப்பும் இல்லை, இங்கே மேய்வது எருமை மட்டும் என்றும் இல்லை. இலையுதிர் காட்டுக்குள் மாடு மேய்வதால் நன்மையா தீமையா என்பதற்கு ராஜஸ்தானிலிருந்து பதில் இரவல் வாங்க முடியாது. மாடுகள் உண்ணிச்செடி மண்டாமல் தடங்களைத் திறந்து வைக்கின்றனவா, அல்லது புள்ளிமான் தின்ன வேண்டிய புல்லைத் தின்று தீர்த்து உண்ணிச்செடிக்கே இடம் கொடுக்கின்றனவா? இரண்டும் நடக்கக்கூடியவை. மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் மற்றொன்றும்கூட நடக்கலாம். அதைக் கண்டறியும் முறை சூழலியலாளர்களுக்குப் புதிதல்ல. காட்டின் வெவ்வேறு பகுதிகளில் சிறு சிறு அடைப்புகளை வேலியிட்டு மாடு நுழையாமல் வைத்து, பக்கத்திலேயே மேய்ச்சல் நடக்கும் அதே அளவு இடத்தைக் குறித்துக்கொண்டு, புல்லையும் நாற்றையும் உண்ணிச்செடியையும் மான் புழுக்கையையும் பல பருவமழைகளுக்குத் தொடர்ந்து எண்ண வேண்டும். மாடுகளுக்குக் கோமாரி, அடைப்பான் நோய்த் தடுப்பூசி போடுவதை அதோடு சேர்த்துச் செய்யலாம். பர்கூர் மாட்டுக்கென்றே அங்கே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முடிவு வரும்வரை பட்டிகளைக் கலைக்காமல், மாட்டின் எண்ணிக்கைக்கும் மேயும் பருவத்துக்கும் கிராம சபையோடு பேசி ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். பரத்பூரில் ஆய்வு முடிவதற்கு முன் தடை வந்தது. பர்கூரில் முதலில் ஆய்வு நடக்கட்டும். அடைப்புகளை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும்போது பட்டிக்காரர்களையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். எந்தப் பள்ளத்தில் எந்தப் புல் எந்த மாதம் முளைக்கிறது, எந்தச் சரிவில் யானை இறங்குகிறது என்பதெல்லாம் அவர்கள் நாள்தோறும் பார்த்துவருவது.